நிஜாம் யார் பக்கம்? பாராமகால் போர்களில் கூட்டணிகள் ஏன் நிலைக்கவில்லை

காவேரிப்பட்டினத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவர் ஊர்க் கோட்டையை 1767இல் ஹைதர் அலியும் ஐதராபாத் நிஜாமும் சேர்ந்து பிடித்தார்கள் என்று ஓரிடத்தில் படித்திருக்கிறார். இன்னோரிடத்தில், அதே 1767இல் நிஜாம் ஆங்கிலேயரோடு சேர்ந்து ஹைதர் மீது படையெடுத்தார் என்று இருக்கிறது. 1790க்கு வந்தால் நிஜாம் மறுபடியும் ஆங்கிலேயர் பக்கம். இதில் எது பிழை, இவர்களில் யார் துரோகி என்று கேட்கிறார். முதல் பாதிக்குப் பதில் எளிது. எதுவும் பிழையில்லை, மூன்றும் நடந்தவை. இரண்டாவது பாதிதான் உண்மையான கேள்வி. ஒரே எதிரியை எதிர்த்து ஒன்றாகப் புறப்பட்டவர்கள் ஏன் பாதி வழியில் ஒருவரை ஒருவர் நம்பாமல் போனார்கள் என்பதைத்தான் அவர் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் கல்லூரியில் இந்திய வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன், சொந்த ஊர் கிருஷ்ணகிரி. எங்கள் பகுதியின் பழைய பெயரான பாராமகால் பற்றிய கும்பினி (ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி) ஆவணங்களையும், அந்தப் போர்களில் இருந்த ஆங்கிலேய அதிகாரிகள் எழுதியவற்றையும் பல வருஷங்களாகப் படித்து வருகிறேன். ஒன்றை முன்பே சொல்லிவிட வேண்டும். பாரசீக மூலங்களையும் மோடி எழுத்தில் உள்ள மராத்தி மூலங்களையும் நேராகப் படிக்க எனக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பு வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். ஆகவே நிஜாமும் மராத்தியரும் என்ன செய்தார்கள் என்பதை உறுதியாகச் சொல்வேன். ஏன் செய்தார்கள் என்பது பெரும்பாலும் அவர்கள் மேல் எரிச்சலில் இருந்த ஆங்கிலேயர் எழுதியது. அந்த இடங்களில் நிதானித்துப் படியுங்கள்.

முதலில் நம் ஊர் நிலத்தைப் பார்க்க வேண்டும். மேலே ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மைசூர்ப் பீடபூமி. கீழே கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர் சேர்ந்த பாராமகால் சமவெளி. மேலிருந்து இறங்க ராயக்கோட்டை, பாலக்கோடு வழி. கிழக்கே ஆற்காட்டுச் சீமைக்குப் போகச் சிங்காரப்பேட்டையைத் தாண்டிச் செங்கம் கணவாய். தெற்கே சேலத்துக்குத் தொப்பூர்க் கணவாய். மைசூர்ப் படை சென்னைப் பட்டணத்தை மிரட்ட வேண்டுமானாலும் இங்கே இறங்கியாக வேண்டும், சென்னைப் படை மைசூருக்கு ஏற வேண்டுமானாலும் இங்கேதான் அரிசியும் மாடும் சேர்க்க வேண்டும். இந்த நிலம் இல்லாமல் எந்தப் பக்கமும் தன்னைப் பத்திரமாக நினைக்க முடியாது. அதனால்தான் ஒவ்வொரு சண்டையும் நம் ஊர் வழியாகப் போனது, ஒவ்வொரு சமாதானத்திலும் நம் ஊர் பேரப் பொருளாக இருந்தது.

அடுத்து ஆட்கள். 1761, 62 வாக்கில் தெற்கே முக்கியமான நாற்காலிகளில் எல்லாம் புது ஆட்கள். ஹைதர் 1761இல்தான் மைசூரின் அதிகாரத்தைக் கையில் எடுத்தார், உடையார் அரசர் பெயரளவுக்கு இருந்தார். நிஜாம் அலி 1762இல் தன் அண்ணன் சலாபத் ஜங்கைச் சிறையில் போட்டுப் பதவிக்கு வந்தவர். 1761 ஜனவரியில் பானிப்பட்டில் பெரும் அழிவைச் சந்தித்த மராத்தியருக்கு மாதவராவ் என்ற பதினாறு வயதுப் பேஷ்வா (மராத்திய அரசை நடத்திய முதலமைச்சர்), பக்கத்திலேயே பதவிக்கு ஆசைப்படும் சித்தப்பா ரகுநாதராவ். ஆற்காட்டு நவாப் முகம்மது அலி கும்பினியிடம் கடன்பட்டுக் கும்பினியின் படையால் நிலைத்திருந்தவர். தன் வீட்டுக்குள்ளேயே நாளை யார் கவிழ்ப்பார்கள் என்று தெரியாதவர்கள் வெளியே போட்ட ஒப்பந்தங்கள் இவை. இதை மறந்துவிட்டால் அவர்கள் செய்தது எல்லாம் குணக்கேடாகத்தான் தெரியும்.

இப்போது 1767க்கு வருவோம். நிஜாம் ஆங்கிலேயரோடு சேர்ந்ததே ஆசையால் அல்ல. 1765இல் கும்பினி முகலாயப் பேரரசரிடமிருந்து ஒரு ஃபர்மான், அதாவது அரச ஆணை, வாங்கியது. அதன்படி நிஜாமின் கையில் இருந்த வட சர்க்கார், அதாவது இன்றைய ஆந்திரக் கடற்கரை மாவட்டங்கள், கும்பினிக்குப் போயின. ஆற்காட்டு நவாபும் நிஜாமின் மேலதிகாரத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். நிஜாம் கொதித்துப்போனார். அவரைச் சமாதானப்படுத்த 1766 நவம்பரில் ஒப்பந்தம் வந்தது. கும்பினி ஆண்டுதோறும் பணம் கட்டும், கேட்டால் படை அனுப்பும், வட சர்க்கார் கும்பினியிடமே இருக்கும். தன் நிலத்தை எடுத்துக்கொண்டவனோடேயே கைகோத்துப் படை நடத்த வேண்டிய நிலை. அந்தக் கூட்டணி கிளம்பும்போதே இப்படித்தான் கிளம்பியது.

திட்டப்படி மராத்தியர், நிஜாம், ஆங்கிலேயர் மூவரும் ஹைதரை நெருக்க வேண்டும். மராத்தியர் முந்திக்கொண்டு வந்தார்கள், சிராவைப் பிடித்தார்கள், ஹைதரிடம் பெருந்தொகை பேசிப் பாதியை உடனே வாங்கி, மீதிக்குக் கோலாரை அடமானமாக வைத்துக்கொண்டு திரும்பிவிட்டார்கள். தாமதமாக வந்த நிஜாமுக்கு மிச்சம் எதுவும் இல்லை. அந்த நேரத்தில்தான் ஹைதரின் ஆட்கள் அவரிடம் பேசினார்கள். தூது போனவர் மாபூஸ் கான், ஆற்காட்டு நவாபின் சொந்த அண்ணன். நவாப் பட்டம் தம்பி கைக்குப் போன வருத்தம் அவருக்கு. நிஜாமுக்கும் அந்தத் தம்பி மேல் கோபம். நிஜாமோடு சேர்ந்து போய்க்கொண்டிருந்த ஆங்கிலேயத் தளபதி கர்னல் ஜோசப் ஸ்மித் இதை மோப்பம் பிடித்துச் சென்னைக்கு எச்சரித்து எழுதினார். சென்னைக் கவுன்சில் நம்பவில்லை. கையெழுத்துப் போட்டவர் மாறமாட்டார் என்று பட்டணத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் நினைத்தார்கள். பக்கத்துக் கூடாரத்தில் இருந்தவருக்குத்தான் உண்மை தெரிந்தது.

அதற்குள் ஆங்கிலேயர் பாராமகாலில் இறங்கிக் காவேரிப்பட்டினம் உட்படப் பல இடங்களைப் பிடித்திருந்தார்கள். கிருஷ்ணகிரி மலைக்கோட்டை மட்டும் விழவில்லை. 1767 ஆகஸ்ட் கடைசியில் ஹைதரும் நிஜாமும் சேர்ந்து இறங்கியதும் முதலில் விழுந்தது தென்பெண்ணைக் கரையில் இருந்த உங்கள் ஊர்க் கோட்டை. அங்கிருந்த சிறு காவற்படை இரண்டு நாள் தாக்குப்பிடித்துப் பணிந்தது. ஆக, அந்தக் கோடையில் உங்கள் ஊருக்கு வந்த முதல் படைக்கு நிஜாம் கூட்டாளி. இரண்டாவது படைக்கும் நிஜாம் கூட்டாளி. நீங்கள் படித்த இரண்டு கட்டுரைகளும் சில மாத இடைவெளியில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்கின்றன, அவ்வளவுதான்.

ஸ்மித் செங்கம் கணவாய் வழியாகப் பின்வாங்கினார். செப்டம்பர் 3ஆம் தேதி செங்கத்தில் மோதல், அதே மாதக் கடைசியில் திருவண்ணாமலையில் பெரிய மோதல், இரண்டிலும் ஆங்கிலேயருக்கு வெற்றி. செங்கத்தில் தங்கள் தரப்பில் சுமார் 7,000 பேர், எதிரே 70,000 பேர் என்று ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த இரண்டாவது எண்ணை நான் நம்பச் சொல்லமாட்டேன். இதில் கவனிக்க வேண்டியது வேறு. திருவண்ணாமலையில் நெல் தயாராக இருக்கும் என்று நவாப் முகம்மது அலி வாக்குக் கொடுத்திருந்தார். பசியோடு போய்ச் சேர்ந்தபோது அங்கே ஒன்றும் இல்லை. நிஜாம் மாறியதை எல்லோரும் எழுதுகிறார்கள். பக்கம் மாறாத கூட்டாளியும் படையைப் பட்டினி போட முடியும் என்பதை யாரும் எழுதுவதில்லை.

திருவண்ணாமலைச் சண்டையில் நிஜாம் யானைகளைத் திருப்பச் சொன்னபோது நடந்ததாக ஒரு கதை உண்டு. பின்னாளில் மைசூரில் ரெசிடெண்டாக, அதாவது கும்பினியின் பிரதிநிதியாக, இருந்த மார்க் வில்க்ஸ் எழுதியது. அந்தப்புரத்துப் பெண் ஒருவர் அம்பாரியிலிருந்தபடி, இந்த யானைக்கு அப்படித் திரும்பப் பழக்கமில்லை, இது அரசின் கொடியைப் பின்தொடரும் என்று சொல்லி, குண்டுகள் விழுந்துகொண்டிருக்கும்போதே கொடி கடந்து போகும்வரை நகராமல் நின்றாராம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நடந்து பல ஆண்டுகள் கழித்து எழுதியது. இதை நடந்ததென்று வகுப்பில் நான் சொன்னதில்லை, கதையென்று சொல்லியிருக்கிறேன். உறுதியாகச் சொல்லக்கூடியது இதற்குப் பிறகு நடந்ததுதான். கர்னல் பீச் தலைமையில் கும்பினிப் படை ஒன்று நிஜாமின் சொந்த நாட்டுக்குள் புகுந்து வாரங்கல் வரை போனது. வீட்டில் நெருப்பு வைத்தால் விருந்தாளியாகப் போனவன் திரும்பத்தானே வேண்டும்? 1768 பிப்ரவரியில் நிஜாம் கும்பினியோடு புதிய ஒப்பந்தம் போட்டார். அதில் ஹைதரைக் கலகக்காரர், அபகரித்தவர் என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஆறு மாதத்துக்கு முன்பு காவேரிப்பட்டினத்தில் பக்கத்தில் நின்றவரைப் பற்றி எழுதியது இது.

அந்த 1768 மே மாதத்தில்தான் கிருஷ்ணகிரி கோட்டை ஆங்கிலேயரிடம் பணிந்தது. நீண்ட முற்றுகையில் உணவு வழியை அடைத்துத்தான் அதைப் பணிய வைத்தார்கள், மதிலைத் தாண்டி அல்ல. இந்தக் கோட்டையை உள்ளே இருந்தவர்களே காட்டிக்கொடுத்தார்கள் என்று பழையபேட்டைப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. கோட்டை கைமாறியதற்குப் பசியே போதுமான காரணம். காட்டிக்கொடுத்தவர் ஒருவர் இருந்தார் என்பதற்கு நான் படித்த எந்தப் பதிவிலும் இடமில்லை.

அப்புறம் 1769. இதைத்தான் எல்லோரும் வேகமாகக் கடந்து போகிறார்கள், எனக்கோ இதுதான் மொத்தக் கதையின் திருகாணி. ஹைதர் பாராமகாலின் பெரும்பாலான காவல் நிலைகளை மீட்டு, பிறகு குதிரைப்படையோடு திடீரென்று பரங்கிமலை வரை வந்து நின்றார். சென்னைக் கவுன்சில் நடுங்கிப்போய் ஒப்பந்தம் செய்தது. பிடித்த இடங்களைத் திருப்பிக்கொள்வது ஒரு பகுதி. இன்னொரு பகுதி ஹைதருக்கு உயிர் போன்றது. இருவரில் ஒருவரை வேறு யாராவது தாக்கினால் மற்றவர் துணைக்கு வர வேண்டும். ஹைதர் யாரை மனத்தில் வைத்துக் கேட்டார் என்பது வெளிப்படை, மராத்தியரைத்தான். அடுத்த ஆண்டே மராத்தியர் வந்தார்கள். 1771 மார்ச்சில் சின்குர்லியில் ஹைதரின் படை சிதறியது. அவர் சென்னைக்கு ஆள்மேல் ஆள் அனுப்பினார். ஒரு சிப்பாயும் வரவில்லை.

ஏன் வரவில்லை? கத்தி முனையில் போட்ட ஒப்பந்தம், மதிக்க வேண்டியதில்லை என்று கவுன்சிலில் சிலர் நினைத்தார்கள் என்பது ஒரு காரணம். நவாப் முகம்மது அலி ஹைதரை வெறுத்தார் என்பது இன்னொன்று. மூன்றாவதை நம் பாடநூல்கள் சொல்வதில்லை. 1770இல் இங்கிலாந்து அரசரின் பிரதிநிதியாக சர் ஜான் லிண்ட்ஸே சென்னைக்கு வந்திறங்கினார். அவர் நவாபின் பக்கம் சாய்ந்து, மராத்தியரோடு சேருங்கள் என்று வற்புறுத்தினார். கும்பினியின் கவுன்சில் ஒரு திசை, அரசரின் தூதர் எதிர்த் திசை. ஒப்பந்தம் போட்டது ‘ஆங்கிலேயர்’ என்று ஹைதர் நினைத்தார். அப்படி ஒரே ஆள் யாரும் அங்கே இல்லை. இதே பிரச்சினை புனேயிலும் இருந்தது, ஐதராபாத்திலும் இருந்தது. ஒரு நாடு வாக்கு மாறியது என்று நாம் சொல்லும் பல நேரங்களில், அந்த நாட்டுக்குள் வாக்குக் கொடுத்தவரின் கை தாழ்ந்து இன்னொருவரின் கை ஓங்கியிருக்கிறது.

1772இல் நிலமும் பணமும் கொடுத்து ஹைதர் மராத்தியரிடமிருந்து தப்பினார். ஆங்கிலேயரை அதன்பின் அவர் நம்பவே இல்லை. 1780 ஜூலையில் அவர் பெரும்படையோடு ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கியதற்கு 1779இல் கும்பினி பிரெஞ்சுக்காரரின் மாஹித் துறைமுகத்தைப் பிடித்தது உடனடிக் காரணம். ஆழத்தில் இருந்தது 1771இன் காயம். அந்த முறை மராத்தியரும் நிஜாமும் ஹைதரோடு சேர்ந்து கும்பினியை எதிர்ப்பதாகப் பேச்சு. நிஜாமுக்குக் குண்டூரைத் திருப்பிக் கொடுத்து வாரன் ஹேஸ்டிங்ஸ் அவரை விலக்கினார். மராத்தியரில் மகாதாஜி சிந்தியா 1782 மே மாதம் சால்பாயில் தனியாகச் சமாதானம் பேசினார். அதில் ஹைதர் பிடித்த இடங்களைத் திருப்பித் தர வைப்போம் என்றும் ஒரு ஷரத்து. புனேயில் பேஷ்வாவின் அமைச்சர் நானா பட்னவிஸ் அதற்கு ஒப்புதல் தராமல் மாதக்கணக்கில் இழுத்தார். 1782 டிசம்பர் 7ஆம் தேதி சித்தூர் அருகே ஹைதர் இறந்தார். அதன் பிறகுதான் பேஷ்வா தரப்பின் ஒப்புதல் வந்தது. ஹைதர் உயிரோடு இருக்கும்வரை அவரைக் காட்டி ஆங்கிலேயரிடம் பேரம் பேசலாம் என்று நானா வைத்திருந்தார் என்பது பலரும் ஏற்கும் ஊகம். தேதிகள் அதற்கு ஒத்துப்போகின்றன, ஆனாலும் ஊகம்தான். பிரெஞ்சுக்காரர் கதை இன்னும் சுருக்கம். 1783இல் ஐரோப்பாவில் சமாதானம் என்று செய்தி வந்ததும், மங்களூர் முற்றுகையில் ஹைதரின் மகன் திப்புவோடு நின்ற பிரெஞ்சுப் படை சண்டையை நிறுத்திவிட்டது. திப்பு அதை மறக்கவே இல்லை.

இனி 1790. இங்கே ஆவணம் கனமாக இருப்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். அதற்கு முந்தைய ஆண்டு, 1789 ஜூலையில், கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் நிஜாமுக்கு ஒரு கடிதம் எழுதினார். கும்பினி கொடுக்கும் படையை எந்தெந்த அரசர்களுக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்று அதில் ஒரு பட்டியல். கும்பினியோடு சமாதான ஒப்பந்தத்தில் இருந்த திப்புவின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. சண்டை போடுவேன் என்று ஒரு வரியும் எழுதாமலே ஒரு நாட்டைத் தனிமைப்படுத்தியாயிற்று. திப்பு இதைச் சரியாகவே புரிந்துகொண்டார். 1789 டிசம்பர் 29ஆம் தேதி திருவிதாங்கூர் எல்லை மதிலில் நடந்த தாக்குதல் அவர் திட்டமிட்டதா, அவரே சொன்னதுபோல் படையினர் உத்தரவில்லாமல் இறங்கியதா என்பதில் இன்றும் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போகவில்லை. கும்பினிக்குக் காரணம் கிடைத்தது என்பதில் சந்தேகமில்லை.

1790 ஜூனில் மராத்தியரோடும் ஜூலையில் நிஜாமோடும் ஒப்பந்தம். பிடிப்பதைச் சமமாகப் பங்கிடுவது, தனியாகச் சமாதானம் பேசக் கூடாது. அதற்கப்புறம் மூவரும் என்ன செய்தார்கள் என்று வரைபடத்தை வைத்துப் பாருங்கள். மராத்தியத் தளபதி பரசுராம் பாவு தார்வாட்டை முற்றுகையிட்டார், அது முடிய 1791 ஏப்ரல் ஆயிற்று. நிஜாமின் படை கொப்பளில் உட்கார்ந்தது, அதுவும் ஏப்ரல் வரை. ஆங்கிலேயர் கோயம்புத்தூரையும் பாராமகாலையும் மலபாரையும் குறிவைத்தார்கள். அவரவர் சண்டை முடிந்தபின் தன்னிடம் இருக்க வேண்டும் என்று நினைத்த நிலத்தில்தான் அவரவர் வெடிமருந்தைச் செலவழித்தார்கள். பொது எதிரியின் தலைநகரம் ஸ்ரீரங்கப்பட்டினம். அங்கே முதலில் போனது ஆங்கிலேயர், கூட நிஜாமின் குதிரைப்படை மட்டும்.

தார்வாட்டில் மராத்தியரோடு இருந்த ஆங்கிலேய அதிகாரி எட்வர்ட் மூர், பீரங்கியில் மருந்து கெட்டித்துவிட்டு எல்லோரும் உட்கார்ந்து அரை மணி நேரம் புகைபிடித்துப் பேசுவார்கள், பிறகு சுடுவார்கள், நண்பகலில் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் சண்டையே கிடையாது என்று எழுதினார். வேண்டுமென்றே இழுத்தடித்தார்கள் என்று இதை வைத்துப் பலர் முடிவு கட்டுகிறார்கள். எனக்கு அது ஏற்புடையது இல்லை. கோட்டையைப் பீரங்கியால் பிளப்பது ஆங்கிலேயர் முறை. சுற்றி உட்கார்ந்து ஊர்களில் வரி தண்டிப் படையைக் காப்பாற்றுவது மராத்தியர் முறை, அது அவர்களுக்குப் பல தலைமுறைப் பழக்கம். சந்தேகப்பட வேறு காரணம் இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்த பின்னும் சில காலம் திப்புவின் வக்கீல்கள், அதாவது தூதர்கள், புனேயிலேயே இருந்தார்கள். கதவைத் திறந்தே வைத்திருந்தார் நானா.

1791 மே மாதம் காரன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டினத்துக்கு வெளியே அரிக்கெரேயில் வென்றும் முற்றுகையிட முடியாமல் நின்றார். மாடுகள் ஆயிரக்கணக்கில் செத்துவிட்டன, அரிசி இல்லை, மழை. முற்றுகைப் பீரங்கிகளைத் தானே வெடிக்க வைத்துவிட்டுப் பின்வாங்கினார். மே 26ஆம் தேதி வழியில் பெரிய குதிரைப்படை ஒன்று தெரிந்தது. திப்புவின் படை என்று நினைத்துச் சுடத் தயாரானார்கள். வந்தது மராத்தியர், பரசுராம் பாவுவும் ஹரிபந்தும். அவ்வளவு பெரிய படை அவ்வளவு பக்கத்தில் வந்தது காரன்வாலிஸுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் இடையில் போன தூதர்களை எல்லாம் திப்புவின் குதிரைவீரர்கள் பிடித்துவிட்டார்கள். கூட்டாளிகளுக்கு நடுவே செய்தி போகாமல் தடுப்பது பீரங்கிக்குச் சமமான ஆயுதம் என்பதைத் திப்பு அறிந்திருந்தார். மராத்தியப் பாளையத்தில் பெரிய பஜார் இருந்தது. பசித்த ஆங்கிலேயப் படைக்கு அங்கே தானியம் கிடைத்தது, கொள்ளை விலைக்கு. அடுத்து ஹரிபந்த் கடன் கேட்டார். சீன வணிகத்துக்குப் போகவிருந்த வெள்ளியைச் சென்னையில் நிறுத்தித்தான் காரன்வாலிஸ் அந்தப் பணத்தைத் திரட்டினார். கூட்டாளியைக் கூட்டாளியாகவே வைத்திருக்க ஆன செலவு அது.

அந்த ஆண்டு ஜூலையில் ஓசூரும் ராயக்கோட்டையும் ஆங்கிலேயரிடம் விழுந்தன. கிருஷ்ணகிரி திப்புவிடமே இருந்தது. நவம்பர் 7ஆம் தேதி இரவு கர்னல் மாக்ஸ்வெல் ஏணிகளோடு வந்து அடிவாரப் பேட்டையையும் கீழ்க்கோட்டையையும் பிடித்தார். ஓடியவர்களைத் துரத்திக்கொண்டே மேல்கோட்டை வாசல் வரை ஏறினார்கள். மேலிருந்தவர்கள் பாறைகளை உருட்டிவிட்டார்கள், ஏணிகள் நொறுங்கின, ஆட்கள் செத்தார்கள். மாக்ஸ்வெல் இறங்கிப் போய்விட்டார். இன்று சையத் பாஷா மலையில் படியேறிப் போகிறவர்கள், மேல் வாசலுக்கு முன்னால் இருக்கும் அந்தச் செங்குத்துச் சரிவில் நின்று கீழே பார்த்தால், ஏணியோடு இருட்டில் ஏறுவது என்னவென்று புரியும். அந்தக் கோட்டையை ஆங்கிலேயர் 1792இல் வாங்கியது ஸ்ரீரங்கப்பட்டினத்தில் எழுதிய காகிதத்தால்தான்.

அந்தக் காகிதம் 1792 மார்ச்சில் முடிவான ஒப்பந்தம். திப்பு நாட்டில் பாதி, 3 கோடியே 30 லட்சம் ரூபாய், இரண்டு மகன்கள் பணயம். தலைநகரின் வாசலில் நின்ற காரன்வாலிஸ் ஏன் முழுவதையும் எடுக்கவில்லை என்பதுதான் உங்கள் கேள்விக்கு நேரான பதில். திப்பு அடியோடு அழிந்தால் அடுத்து ஆங்கிலேயரை யார் தடுப்பது என்று மராத்தியர் பயந்தார்கள். திப்புவின் நாடு முழுவதும் பங்கானால் மராத்தியரும் நிஜாமும் கட்டுக்கடங்காமல் போவார்கள் என்று காரன்வாலிஸ் பயந்தார். எதிரியை முடக்கிவிட்டோம், நண்பர்களையும் ஆபத்தான அளவுக்கு வளர விடவில்லை என்று அவரே எழுதினார். அந்த ஒரு வரியில் மூன்று தரப்பின் மனமும் இருக்கிறது. சண்டை நடக்கும்போதே ஒவ்வொருவரும் சண்டைக்கு அடுத்த நாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டாளி தோற்றால் நமக்கு ஆபத்து, கூட்டாளி மிக நன்றாக ஜெயித்தாலும் நமக்கு ஆபத்து. அதனால் துரோகி யார் என்ற கேள்விக்கு நான் ஒரு பெயரைச் சொல்லமாட்டேன். வாக்கை அப்பட்டமாக மீறிய ஒரு செயலைக் காட்டு என்றால் 1771இல் சென்னைக் கவுன்சில் செய்ததைக் காட்டுவேன். அதற்கு எழுத்தில் உள்ள கடமையே சாட்சி.

பாராமகால் கும்பினிக்கு வந்தது இந்தப் பங்கீட்டில்தான். ஓசூர்ப் பக்கத்து மேட்டுநிலம் திப்புவிடமே நின்றது. 1792 முதல் 1799 வரை கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவே இரண்டு அரசுகளின் எல்லை ஓடியது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இன்று பேருந்தில் ஒரு மணி நேரப் பயணம். கேப்டன் ரீட் இங்கே கலெக்டராக வந்தார், அவருக்கு உதவியாளராகத் தருமபுரியில் இருந்தவர் தாமஸ் மன்றோ. இந்தச் சமாதானம் மிகவும் மென்மையானது, திப்புவை முடித்திருக்க வேண்டும் என்று இளம் மன்றோ கடிதங்களில் பொருமியிருக்கிறார். எல்லையில் நின்றவருக்கு எதிரி மட்டும் தெரிந்தான். காரன்வாலிஸுக்கு நண்பர்களும் தெரிந்தார்கள்.

மிச்சத்தைச் சுருக்கிவிடலாம். 1795 மார்ச்சில் கர்டாவில் மராத்தியர் நிஜாமைத் தோற்கடித்தார்கள். மூன்றே ஆண்டுக்கு முன் பங்கு பிரித்துக்கொண்டவர்கள். நிஜாம் கும்பினியைத் துணைக்கு எதிர்பார்த்தார், அப்போதைய கவர்னர் ஜெனரல் சர் ஜான் ஷோர் நடுநிலை என்று ஒதுங்கினார். நிஜாம் பிரெஞ்சுத் தளபதி ரேமோனின் படையைப் பெருக்கினார். 1798இல் அடுத்து வந்த கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி அந்தப் படையைக் கலைக்க வைத்து, நிஜாமைக் கும்பினிப் படையின் செலவிலும் காவலிலும் கட்டிப்போட்டார். 1799 மார்ச்சில் ஜெனரல் ஹாரிஸ் நிஜாமின் படையையும் சேர்த்துக்கொண்டு ராயக்கோட்டையிலிருந்து எல்லை தாண்டினார். மராத்தியர் அந்த முறை வரவில்லை. திப்பு விழுந்தபின் அவர்களுக்கென்று ஒதுக்கிய நிலத்தை, கூட வந்த நிபந்தனைகளைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்றார்கள்.

உங்கள் ஊரைப் பற்றி மேலும் தேடுவதாக இருந்தால், பாராமகால் ஆவணங்களில் ரீட்டும் அவர் உதவியாளர்களும் எழுதிய ஊர்வாரிக் குறிப்புகளிலிருந்து தொடங்குங்கள். சண்டைக்குப் பிறகு எந்த ஊரில் எவ்வளவு நிலம் தரிசாகக் கிடந்தது என்பதும் அவற்றில் வருகிறது. தார்வாட் முற்றுகை பற்றியும், 1790இல் புனேயில் திப்புவின் வக்கீல்களோடு நடந்த பேச்சு பற்றியும் மராத்தி மூலங்களை நேராகப் படித்தவர்கள் இதைப் பார்த்தால், நான் மேலே சொன்னதில் எது மாறும் என்று தயவுசெய்து கீழே எழுதுங்கள். அந்த இரண்டு இடங்களில் ஆங்கிலேயர் வாக்குமூலத்தை மட்டும் வைத்து நான் நிற்க விரும்பவில்லை.